மாப்பிள்ளை ஈயை மயக்கும் மணம்!

புளியங்குடி என்றதும் எலுமிச்சம்பழம் நினைவுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையில் இருந்து தென்காசி போகும் சாலையில் இருக்கும் ஊர் இது. இங்குள்ள எலுமிச்சைச் சந்தையில் இருந்து வெளியூர்களுக்கு மூட்டை மூட்டையாகப் பழம் போகிறது. 2025-ம் ஆண்டில் இந்த ஊர் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எலுமிச்சையோடு மலையடிவாரத் தோப்புகளில் மாவும் தென்னையும் உண்டு. அந்த மாமரங்களைத் தேடி ஒரு விருந்தாளி வருகிறது. யானையைச் சொல்லவில்லை. யானை வந்தால் சத்தம் கேட்கும். வெடி போட்டு விரட்டலாம். இது சத்தம் இல்லாமல் வரும். வீட்டு ஈ அளவுதான் இருக்கும்.

அதன் பெயர் பழ ஈ.

உள்ளே போனது எப்படி?

மாம்பழத்தை வாங்கி வருகிறோம். வெளியே பார்த்தால் பொன் நிறம். மூக்கின் அருகே கொண்டு போனால் கமகம வாசனை. கத்தியை வைத்து அறுத்தால், உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது!

"தோலில் ஓட்டையே இல்லையே! புழு எப்படி உள்ளே போனது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

புழு வெளியே இருந்து உள்ளே போகவில்லை. உள்ளேயே பிறந்தது!

காய் முற்றும் சமயத்தில் பெண் ஈ வந்து உட்காருகிறது. அதன் வால் பக்கத்தில் ஊசி போன்ற உறுப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தோலுக்குள் குத்தி முட்டை இடுகிறது. குத்திய இடம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு, மூன்று நாளில் முட்டை பொரிகிறது. புழு சதையைத் தின்று வளர்கிறது. பழம் அழுகிக் கீழே விழுகிறது. புழு வெளியே வந்து மண்ணுக்குள் புகுந்து கூட்டுப் புழுவாகிறது. பிறகு மண்ணைக் கிழித்துக்கொண்டு ஈயாகப் பறக்கிறது.

ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான முட்டை இடக்கூடியது. ஒரு தோப்புக்கு எத்தனை ஈ, எத்தனை முட்டை என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்!

குற்றாலத்தில் சாரல் தொடங்கும்போது ஊரெல்லாம் குளிரும். அந்த ஈரமும், மரத்தில் கனிந்து நிற்கும் பழமும் சேர்ந்தால் பழ ஈக்கும் கொண்டாட்டம்தான்.

மருந்து அடித்தால் போதாதா?

"பூச்சி மருந்து அடித்தால் செத்துப் போகுமே!" என்று கேட்கலாம்.

மருந்து பழத்தின் மேலே விழும். புழுவோ பழத்துக்கு உள்ளே இருக்கிறது. கூட்டுப் புழு மண்ணுக்குள் இருக்கிறது. மேலே அடிக்கிற மருந்து இரண்டையும் தொடாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பழ ஈ வருவது அறுவடை நேரத்தில். அப்போது அடித்த மருந்து பழத்தோடு சந்தைக்கு வரும். சந்தையில் இருந்து நம் வீட்டுக்கு வரும். பிள்ளைகள் தோலோடு கடித்துத் தின்னும் பழம் அது!

அப்படியானால் இந்த ஈயை என்னதான் செய்வது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. கூப்பிட்டால் அதுவே வரும். கூப்பிட ஓசை வேண்டாம், வாசனை போதும்!

கூண்டுக்குள் மணப்பெண்

வாசனைக்கும் பூச்சிக்கும் உள்ள உறவு முதலில் ஒரு வேடிக்கையாகத்தான் தெரிய வந்தது.

பிரான்சு நாட்டில் பாபர் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் இருந்தார். 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஒரு நாள் காலையில் அவர் வீட்டில், பெரிய அந்துப்பூச்சி ஒன்று கூட்டைக் கிழித்து வெளியே வந்தது. அது பெண். அதைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்து வைத்தார். அன்று இரவு அவருடைய வீட்டுக்குள் ஏறத்தாழ 40 ஆண் அந்துப்பூச்சிகள் பறந்து வந்துவிட்டன! இருட்டில், மரக் கிளைகளைத் தாண்டி, அந்த ஒரு பெண்ணைத் தேடி வந்தன.

கண்ணால் பார்த்து வந்தனவா? அதையும் அவர் சோதித்துப் பார்த்தார். வேறு வகை அந்துப்பூச்சி ஒன்றைக் கண்ணாடி மூடிக்குள் வைத்தார். பெண் நன்றாகத் தெரிகிறது. ஆனால் ஆண்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தப் பெண் முதல் நாள் இரவு தங்கியிருந்த காலிக் கூண்டைச் சுற்றியே வட்டமிட்டன!

பெண் இல்லை, பெண்ணின் மணம் இருந்தது. அதுவே அவற்றுக்குப் போதுமாக இருந்தது.

ஐந்து லட்சம் பட்டுப்பூச்சி

அந்த மணம் என்ன பொருள்? அதைப் பிடித்துப் புட்டியில் அடைக்க முடியுமா?

ஜெர்மனியில் பூட்டனாண்ட் என்ற விஞ்ஞானி இதில் இறங்கினார். 1939-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் எடுத்துக்கொண்டது பட்டுப்பூச்சி. காஞ்சிபுரத்துப் புடவைக்கு நூல் தருகிறதே, அதே வகைப் பூச்சிதான்.

ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளில் இருந்து மணச் சுரப்பிகளை எடுத்தார்கள். இருபது ஆண்டு உழைப்பு! கடைசியில் கையில் கிடைத்தது சில மில்லி கிராம் பொருள். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு. 1959-ம் ஆண்டில் அதன் வேதியியல் அமைப்பை வெளியிட்டார்கள்.

அந்தப் பொருளில் கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் போதும். ஆண் பட்டுப்பூச்சி சிறகை அடித்துக்கொண்டு ஓடி வரும்.

இப்படி ஒரு பூச்சி தன் இனத்துப் பூச்சிக்கு மணத்தால் அனுப்பும் செய்திக்கு, அதே 1959-ம் ஆண்டில் 'பெரோமோன்' என்று பெயர் வைத்தார்கள். அந்த மணத்தை வைத்துப் பூச்சி பிடிக்கும் கருவியைத்தான் நம் விவசாயிகள் 'இனக்கவர்ச்சிப் பொறி' என்கிறார்கள்.

கைக்குட்டையில் மொய்த்த ஈ

பழ ஈயின் கதை இதைவிடப் பழையது. அது நடந்தது நம் நாட்டில்தான்!

பீகாரில் பூசா என்று ஓர் ஊர். வெள்ளைக்காரர் ஆட்சியில் அங்கே விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. 1934-ல் நடந்த பூகம்பத்தில் அது இடிந்தது. பிறகு டெல்லிக்கு மாறியது. இன்றும் டெல்லியில் அந்த நிலையத்தைப் 'பூசா' என்றே சொல்கிறார்கள்.

பீகாரில் இருந்த அந்த நிலையத்தில் ஹௌலட் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் வேலை பார்த்தார். அவருடைய அண்டை வீட்டுக்காரர், கொசு கடிக்காமல் இருக்கக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெய் தெளித்தார். எலுமிச்சை போல மணக்கும் ஒரு புல்லில் இருந்து எடுக்கும் எண்ணெய் அது. கொசுவுக்காகத் தெளித்ததில், ஈக்கள் கூட்டமாக வந்து கைக்குட்டையை மொய்த்துக்கொண்டன!

வேறு ஒருவராக இருந்தால், "சனியன் பிடித்த ஈ!" என்று விரட்டியிருப்பார். ஹௌலட் அந்த ஈக்களைப் பிடித்துப் பார்த்தார். அத்தனையும் பழ ஈக்கள். அதுமட்டுமல்ல, அத்தனையும் ஆண்!

1912-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார். அந்த எண்ணெயில் ஆண் ஈயை இழுப்பது எது என்று தேடினார். 1915-ல் விடை சொன்னார். அந்தப் பொருளின் பெயர் 'மீத்தைல் யூஜினால்'.

பெயர் வாயில் நுழையாததுதான். ஆனால் பொருள் நமக்கு அந்நியமானது அல்ல. நம் வீட்டு முற்றத்துத் துளசியிலும் அது இருக்கிறது!

அத்தர் பூசும் மாப்பிள்ளை

ஆண் ஈ மட்டும் ஏன் அந்த மணத்துக்கு அலைகிறது? இதற்கு நெடுநாள் பதில் தெரியவில்லை. 1980-களில் பினாங்கிலும் ஜப்பானிலும் இருந்த விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ந்து இதன் ரகசியத்தைக் கண்டார்கள்.

பட்டுப்பூச்சியில் பெண் மணம் வீசும், ஆண் தேடி வரும். மாம்பழ ஈயில் இது தலைகீழ். பொழுது சாயும் நேரத்தில் ஆண் ஈ ஓர் இலையில் உட்கார்ந்துகொள்ளும். சிறகை விசிறி மணத்தைப் பரப்பும். பெண் ஈ அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வரும்.

அந்த மணத்துக்குச் சரக்கு எங்கே கிடைக்கிறது? மீத்தைல் யூஜினால் உள்ள பூவையும் இலையையும் தேடிப் போய் ஆண் ஈ அதைத் தின்கிறது. தின்றதை உடம்புக்குள் வேறு மணப்பொருளாக மாற்றி ஒரு பையில் சேர்த்து வைக்கிறது. மாலையில் அதை வீசுகிறது. அப்படித் தின்று வந்த ஈக்குத்தான் பெண் ஈயிடம் மதிப்பு!

கல்யாண மாப்பிள்ளை கடைக்குப் போய் அத்தர் வாங்கிப் பூசிக்கொள்வது போலத்தான் இது. அத்தர் கடை எங்கே திறந்திருந்தாலும் மாப்பிள்ளை ஓடுவார். கடைக்குள் விஷம் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது!

பொறியின் சூட்சுமம் இதுதான். ஒரு சிறு மரக்கட்டையிலோ பஞ்சிலோ மீத்தைல் யூஜினாலும் கொஞ்சம் பூச்சி மருந்தும் ஊறியிருக்கும். அதை ஒரு டப்பாவுக்குள் தொங்கவிட்டு, ஈ நுழைய ஓட்டை விட்டு, மரத்தில் கட்டுவார்கள். ஆண் ஈ நுழையும். மருந்தை நக்கும். செத்து விழும். விஷம் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. பழத்தின் மேல் ஒரு சொட்டும் படுவதில்லை.

ஈ ஒழிந்த தீவு

இந்த முறையால் ஓர் ஊரின் பழ ஈயை அடியோடு ஒழிக்க முடியுமா? முடியும் என்று ஒரு தீவு காட்டியது.

பசிபிக் பெருங்கடலில் ரோட்டா என்று ஒரு தீவு. 85 சதுர கிலோ மீட்டர் பரப்பு உள்ளது. அங்கே 1962, 1963-ம் ஆண்டுகளில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தினார்கள். மீத்தைல் யூஜினாலும் மருந்தும் ஊறிய சிறு அட்டைத் துண்டுகளை விமானத்தில் இருந்து தீவு முழுவதும் போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆண் ஈக்கள் ஒழிந்தன. மாப்பிள்ளை இல்லாத ஊரில் கல்யாணம் ஏது? பெண் ஈக்கள் இட்ட முட்டை பொரியவில்லை. மாம்பழ ஈயே அந்தத் தீவில் இல்லாமல் போயிற்று!

பிறகு ஜப்பான்காரர்கள் அமாமி, ஒக்கினாவா முதலிய தீவுகளில் இதே வழியைப் பின்பற்றினார்கள். வேறு சில தீவுகளில், மலடாக்கிய ஆண் ஈக்களைப் பறக்க விட்டார்கள். 1986-க்குள் ஜப்பான் நாட்டில் இருந்தே மாம்பழ ஈயை விரட்டிவிட்டார்கள்.

நம் தோப்பு தீவு அல்லவே!

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

"நானும் பொறி கட்டினேன். டப்பா நிறைய ஈ செத்துக் கிடந்தது. இருந்தும் பழத்தில் புழு குறையவில்லை" என்று சொல்கிற விவசாயிகள் உண்டு. அவர்கள் சொல்வது பொய் அல்ல. பொறி மீதும் குற்றம் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தோப்பில் 100 ஆண் ஈ, 100 பெண் ஈ இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொறியில் 50 ஆண் ஈ செத்துப் போகிறது. மிச்சம் 50 இருக்கிறது. ஓர் ஆண் ஈ ஒரு பெண்ணோடு நின்றுவிடுவதில்லை. மிஞ்சிய 50 ஆணும் 100 பெண்ணுக்கும் போதும்! முட்டை கொஞ்சமும் குறையாது. ஆண் ஈயில் மிகப் பெரும் பகுதியை அழித்தால்தான் பலன் தெரியும்.

இன்னொன்று. ரோட்டாவைச் சுற்றிக் கடல் இருந்தது. நம் தோப்பைச் சுற்றி இருப்பது அடுத்த வீட்டுக்காரர் தோப்பு. வேலி ஆட்டைத் தடுக்கும், ஈயைத் தடுக்குமா? அங்கே ஏற்கெனவே ஆணோடு கூடிய பெண் ஈ பறந்து வந்து நம் பழத்தில் முட்டை இட்டுவிட்டுப் போகும். பெண் ஈக்கு அத்தர் கடை தேவை இல்லை. ஆகவே அது பொறிக்குள் விழாது.

குளத்து நீரை நம்பி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். ஒருவர் மட்டும் தம் வயலுக்கு நேரே வாய்க்காலைத் தூர் வாரினால் தண்ணீர் வருமா? மேலே அடைத்துக் கிடந்தால் வராது. எல்லாரும் மண்வெட்டி எடுத்தால்தான் கடைமடை வரை தண்ணீர் பாயும். பழ ஈப் பொறியும் அதே கதைதான். ஊரே சேர்ந்து, ஒரே சமயத்தில் கட்ட வேண்டும்.

எப்போது? எப்படி?

காய் முற்றத் தொடங்குவதற்கு முன்பே பொறியைக் கட்டிவிட வேண்டும். புழுவைப் பார்த்த பிறகு கட்டுவது, திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவது போல.

ஏக்கருக்குப் பத்துப் பொறி வரை கட்டலாம். எட்டும் உயரத்தில், நிழலான கிளையில் கட்ட வேண்டும். மணம் நாளாக நாளாகக் குறையும். ஆகவே சொன்ன காலத்தில் மருந்துக் கட்டையை மாற்ற வேண்டும். உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டால் எந்தக் கட்டை, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று சொல்வார்.

கட்டையில் இருப்பது விஷம். அதைப் பிள்ளைகள் தொடக்கூடாது. தொட்ட பெரியவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பொறி பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை தரையில் இருக்கிறது. கீழே விழுந்த பழத்தை அப்படியே விடக்கூடாது. ஒரு அழுகல் பழம் ஒரு ஈப் பண்ணை! தினமும் பொறுக்கி எடுத்து ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் உள்ளே இருக்கும் கூட்டுப் புழு வெயிலிலும் பறவை வாயிலும் அழியும். இதற்குப் பணம் வேண்டாம், கை போதும்.

கடல் தாண்டிய அவமானம்

"ஒரு ஈதானே!" என்று அலட்சியமாக இருந்ததால் என்ன ஆயிற்று என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

2013-ம் ஆண்டில் இந்தியாவில் இருந்து ஐரோப்பாவுக்குப் போன பழம், காய்கறிச் சரக்குகளில் 207 சரக்குகளில் பழ ஈ போன்ற பூச்சிகளைக் கண்டார்கள். 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் கதவை அடைத்தன. அதோடு கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு ஆகியவற்றுக்கும் தடை. சரியான மாம்பழப் பருவத்தில்!

பிறகு, ஏற்றுமதி மாம்பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கும் முறை முதலிய ஏற்பாடுகள் நடந்தன. 2015 ஜனவரியில் மாம்பழத்துக்குத் தடை நீங்கியது. மூக்கு நுனி அளவுள்ள ஈ, ஒரு நாட்டின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டது!

வீட்டுக் கொல்லையிலும் உண்டு

தோப்பு இல்லாதவர்களும் இந்த ஈயின் சொந்தக்காரியைப் பார்த்திருப்பார்கள். கொல்லையில் போட்ட பாகற்காயும் பீர்க்கங்காயும் கோணிக்கொண்டு மஞ்சளாகிறதே! அறுத்தால் புழு. அது பூசணிக் குடும்பத்துக் காய்களைக் கெடுக்கும் வேறு வகைப் பழ ஈ.

அந்த ஈக்கு மீத்தைல் யூஜினால் வேண்டாம். 'கியூலூர்' என்ற வேறு மணம் வேண்டும். மாம்பழப் பொறியைப் பாகல் பந்தலில் கட்டினால் ஏமாற்றம்தான் மிச்சம். கடையில் வாங்கும்போது எந்தப் பயிருக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிஞ்சுகளைக் காகிதப் பையால் மூடிக் கட்டிவிட்டாலும் ஈ குத்தாது. நாலு கொடி வைத்திருக்கும் வீட்டுக்கு அதுவே சுலபம்.

எலுமிச்சைக்கும் ஒரு செய்தி

புளியங்குடிக்காரர்கள், "எங்கள் எலுமிச்சைக்கு என்ன?" என்று கேட்பார்கள். எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கம்பி இழைத்தது போல வளைந்து வளைந்து கோடு ஓடுமே, அது இலைத் துளைப்பான் புழுவின் வேலை. அதன் தாய் ஒரு குட்டி அந்துப்பூச்சி. அந்தப் பெண் பூச்சியின் மணத்தையும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்து ஆரஞ்சுத் தோப்புகளில் அந்த மணத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். பொறி வைத்துப் பிடிக்கவில்லை. தோப்பு முழுவதும் மணத்தைப் பரப்பி வைத்தார்கள். எங்கும் மணப்பெண் வாசனை. எங்கே திரும்பினாலும் பெண் இல்லை! ஆண் பூச்சி அலைந்து அலைந்து களைத்துப் போகும். திருவிழாக் கூட்டத்தில் எல்லாப் பக்கமும் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாம் திகைத்து நிற்போமே, அப்படி!

அந்த வேலைக்கும் பெரிய பரப்பு வேண்டும். பத்து மரத்துக்கு மட்டும் செய்தால் பலிக்காது.

மணத்துக்கு வேலியும் இல்லை, பட்டாவும் இல்லை. அது காற்றோடு போகும், ஈயும் அதன் பின்னால் போகும். ஆகவே அடுத்த மாம்பழப் பருவத்துக்குப் பொறி வாங்கும்போது தனியாகப் போகாதீர்கள். பக்கத்துத் தோப்புக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் உங்களுக்கும் வரப்புத் தகராறு இருந்தாலும் சரிதான்! அவர் மரத்தில் ஒரு பொறி தொங்கினால், உங்கள் மரத்துப் பழமும் பிழைக்கும்.